வைரக்கண்ணு மகன், ஆலங்குடி வட்டம்

1

இன்று காலை என் சட்டைப்பைக்குள் விசில் ஊதியது. சேர்ந்தாற்போல இரண்டு விசில். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி வண்டி கிளம்பும்போது கண்டக்டர் ஊதுவது. என் மகள் அபி போன வருடம் டவுனுக்குப் புத்தகம் வாங்கப் போனபோது அதைப் போனில் பிடித்து எனக்கு அனுப்பிவைத்தாள். விசில் கேட்டபோது நான் ராஸ்பெரி பறித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பழம் நசுங்கிச் சாறு மணிக்கட்டில் வழிந்தது.

எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. என் பெயர் இன்னும் அவர்கள் கணினியில் இருக்கிறது. ஐரோப்பாவின் ஓரத்தில், கடலை ஒட்டிய ஒரு விவசாயப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் பனி பெய்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். பெய்யாது. வெயிலும் காற்றும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை பாலித்தீன் கூடாரங்கள், அவற்றுக்குள் பழச்செடிகள், செடிகளுக்கு நடுவே எங்களைப் போன்றவர்கள்.

அந்த விசிலை ஊதுவது நான் எழுதிய ஒரு புரோகிராம். குடியேற்ற அலுவலகத்தின் இணையப் பக்கத்தை அது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு ஒரு தேதி கிடைக்கும் என்றால் விசில் ஊதும். ஒரு வருடம் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். இன்று ஊதியபோது அதனால் எங்களுக்கு ஆக வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

2

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். யாரும் நிறுத்தவில்லை, உட்கார்ந்து படிக்க முடியவில்லை, நின்றுவிட்டேன். அப்புறம் திருப்பூரில் சாயப்பட்டறை, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, கத்தாரில் ஏசி குழாய் வேலை, ஒரு தீவில் ஓட்டல் அடுப்படி, அங்கிருந்து இங்கே. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி மலருக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். நான் ஆரம்பித்தால் அவளே முடித்துவைப்பாள்.

இதற்கு முன் இருந்த இடங்களில் என்னைப் போன்ற கூலிக்காரன் குடும்பத்தைக் கூப்பிடுவது பற்றிப் பேச்சே கிடையாது. இங்கே சட்டத்தில் இடம் இருந்தது. மனைவி வரலாம், பதினெட்டு வயது முடியாத பிள்ளைகளும் வரலாம். ஆனால் நான் மனுக் கொடுக்கும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது. எனக்கு ஒரே பிள்ளை. வயசுப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு மலர் வரமாட்டாள். அதாவது அபி வந்தால் இரண்டு பேரும் வருவார்கள், அபிக்கு வழியில்லை என்றால் இரண்டு பேரும் இல்லை. சித்திரையில் அபிக்குப் பதினெட்டு முடிகிறது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

மனுக் கொடுக்க அலுவலகத்துக்குப் போக வேண்டும். போவதற்குத் தேதி வாங்க வேண்டும். தேதியை இணையத்தில் மட்டும்தான் கொடுப்பார்கள். பெயரும் மெயிலும் கொடுத்து ஒரு கணக்குத் தொடங்கிப் பக்கத்தைத் திறந்தால் ஒரு காலண்டர் வரும். எல்லாக் கட்டமும் சாம்பல் நிறத்தில் இருக்கும். கீழே, தற்போது தேதிகள் இல்லை, பிறகு முயலவும் என்று ஒரு வரி. எப்போதாவது யாரோ ஒருவர் தன் தேதியை ரத்து செய்தால் ஒரு கட்டம் பச்சையாகும். விரலைக் கொண்டுபோவதற்குள் மறுபடி சாம்பலாகிவிடும்.

தாலுகா ஆபீசை நாம் எவ்வளவோ திட்டியிருக்கிறோம். அங்கே "நாளைக்கு வாங்க" என்று சொல்லவாவது ஒரு வாய் இருந்தது. அந்த வாய்க்கு ஒரு முகம் இருந்தது. முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்கலாம்.

அப்போது எங்கள் வீட்டில் நாலு பேர். தமிழ் பேசுவது நானும் ஜாபரும்தான். ஜாபர் அன்னவாசல்காரன், என்னைவிட இளையவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். அவனும் தன் மனைவிக்காக அதே காலண்டரை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது நம்ம கைக்குச் சிக்காது. இத மனுசன் புடிக்கலண்ணே, மிசினு புடிக்கிது. தரகருங்கல்லாம் புரோகிராம் வச்சிருக்காங்களாம்" என்றான் ஒருநாள்.

"அப்ப நம்மளும் ஒண்ணு எழுதுவம்."

"நீங்களா? பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு ஓடியாந்த ஆளு. பாதி புரோகிராம்தான் எழுதுவீங்க."

3

அவன் சொன்னது சரிதான். பாதிதான் நான் எழுதினேன். மீதியை யாரோ முன்பே எழுதிவைத்திருந்தார்கள்.

பைத்தான் என்று ஒரு கணினி மொழி. அதில் ரெக்வெஸ்ட்ஸ் என்று ஒரு லைப்ரரி. லைப்ரரி என்றால், எல்லாரும் செய்ய வேண்டியிருக்கும் ஒரு வேலையை யாரோ ஒருவர் நன்றாகச் செய்து பொதுவில் வைத்திருப்பது. நாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஒரு விலாசத்தைக் கொடுத்து கெட் என்று சொன்னால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் சர்வர் கணினியிடமும் அது போய், இந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். கூடவே மூன்று இலக்கத்தில் ஒரு எண்ணும் கொண்டுவரும். 200 என்றால் சரி. 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை. 403 என்றால் பக்கம் இருக்கிறது, உனக்கு இல்லை. 503 என்றால் இப்போது கூட்டம், முடியாது. ஆபீஸ் வாசல்களில் ஆயுசில் பாதியைக் கழித்தவனுக்கு இந்த எண்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீடியோ பார்த்துப் படித்தேன். கப்பல் பட்டறைக் காலத்தில் வாங்கிய பழைய லேப்டாப்பில், ஞாயிற்றுக்கிழமைகளில். பக்கத்தைக் கேள், 200 வந்தால் என் போனுக்கு மணி அடி. முதல் புரோகிராம் அவ்வளவுதான்.

ஓடவிட்ட மறுநாளே மணி அடித்தது. கூடையைப் போட்டுவிட்டு, செடிகளைத் தாண்டி, போனில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினேன். மேஸ்திரி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். பக்கத்தைத் திறந்தால் எல்லாக் கட்டமும் சாம்பல். ஐந்து நிமிடத்தில் மறுபடி மணி. மறுபடி சாம்பல். அன்று முழுக்க மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஜாபர் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, கோயில்லகூட இம்புட்டு மணி அடிக்க மாட்டாங்கண்ணே."

4

என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. அபி பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்திருக்கிறாள் என்று மலர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. திரையைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

அதுவரை அபிக்கும் எனக்கும் பேச்சு என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. அவள் பிறந்தபோது நான் சிங்கப்பூரில். நடக்கப் பழகியபோது கத்தாரில். விடுமுறையில் போனால் முதல் வாரம் என்னைப் பார்த்து ஒளிவாள், இரண்டாவது வாரம் பக்கத்தில் வருவாள், மூன்றாவது வாரம் நான் கிளம்பிவிடுவேன். வளர்ந்த பிறகு போனில் நான் சாப்ட்டியா என்பேன், ம் என்பாள். படிக்கிறியா என்பேன், ம் என்பாள். அதற்குள் அம்மாட்ட குடுக்குறேன் என்று போன் கைமாறிவிடும்.

படம் அனுப்பி ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவளே கூப்பிட்டாள். அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"யாருப்பா இத எழுதுனது?"

"நாந்தான்."

"பேரெல்லாம் இப்பிடியா வப்பாங்க? எக்ஸ், எக்ஸ் எக்ஸ், எக்ஸ் எக்ஸ் எக்ஸ். எங்க மிஸ்ஸு பாத்தாங்கன்னா நோட்ட தூக்கி வீசிருவாங்க."

"அத விடு. மணி ஏன் அடிச்சுக்கிட்டே இருக்கு?"

"200 வந்தா பக்கம் ஒழுங்கா வந்து சேந்துச்சுன்னுதாம்ப்பா அர்த்தம். தேதி இருக்குன்னு அர்த்தமில்ல. அந்தப் பக்கத்துல என்ன எழுதிருக்குன்னு நீங்க படிக்கவே இல்லையே. தேதிகள் இல்லைங்குற வரி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அது இல்லாட்டித்தான் சத்தம் குடுக்கணும்."

ஒரு மனிதனை உட்கார வைத்து, மரியாதையாகப் பேசி, ஒன்றும் தராமல் அனுப்புவது 200 என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த வாரமே விசிலை அனுப்பினாள். "மணிச் சத்தம்லாம் ஒங்களுக்கு ஆவாதுப்பா. இது கேட்டா எங்கிட்டு இருந்தாலும் வண்டி போயிருமேன்னு ஓடியாருவீங்க."

அதற்குப் பிறகு தினமும் பேசினோம். பேச்சு முழுக்க அந்தப் பத்துப் பதினைந்து வரிகளைப் பற்றித்தான். ஒருமுறை புரோகிராம் காலையில் சர்வரைக் கேட்கப் போனது, பொழுது சாயும் வரை திரும்பவில்லை. எரரும் இல்லை, எண்ணும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தது.

"டைம்அவுட் குடுத்தீங்களாப்பா?"

"அப்பிடின்னா?"

"எம்புட்டு நேரம் காத்திருக்கணும்னு நம்ம சொல்லணும். சொல்லாட்டி அந்த லைப்ரரி பாட்டுக்கு நிக்கும். பதில் வராட்டியும் நிக்கும்."

பின்னாலிருந்து மலரின் குரல் கேட்டது. "அடியே, ஒங்கப்பாக்கிட்ட சொல்லு. நானும் டைம்அவுட் குடுக்காமத்தான் இத்தன வருசமா நிக்கிறேன்னு."

அபி சிரித்தாள். நானும் சிரித்தேன். மலர் சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை.

அபி ஒருநாளும் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதில்லை. "இன்னிக்கு என்ன எரர்?" என்பாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எரர் வராத நாட்களில் என்ன பேசுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நல்லவேளையாக அப்படிப்பட்ட நாட்கள் குறைவு.

5

ஆவணி வாக்கில் 403 வர ஆரம்பித்தது. கேட்கும்போதெல்லாம் 403. கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாத்துகிற மாதிரி.

அபிதான் கண்டுபிடித்தாள். சர்வரிடம் ஒன்றைக் கேட்கும்போது கூடவே சில விவரங்களைக் கொடுக்க வேண்டும். ஹெட்டர் என்பார்கள். அதில் யூசர் ஏஜென்ட் என்று ஒரு வரி, கேட்பது யார் என்பதற்கு. நாம் எதுவும் எழுதாவிட்டால் ரெக்வெஸ்ட்ஸ் தன் பெயரையே எழுதிவிடும். கேட்பது புரோகிராம் என்று அங்கே தெரிந்துவிடும். அப்படி வருகிறவர்களை எல்லாம் இப்போது தடுக்கிறார்கள்.

"பிரவுசர் பேர போட்டு அனுப்புங்கப்பா. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாங்க."

"நம்ம பிரவுசர் இல்லையே."

"அது சும்மாப்பா. யாரு பாக்கப் போறா?"

"பாக்க மாட்டாங்கன்னா எதுக்குக் கேக்குறாங்க?"

உச்சுக் கொட்டினாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

நம் பக்கத்தில் தெரியாத ஊருக்குப் போனால் முதல் கேள்வி நம் பெயர் இல்லை. "எந்த ஊரு? யாரு மகன்?" அதைச் சொல்லாதவனுக்கு டீக்கடைப் பெஞ்சில்கூட நகர்ந்து இடம் விட மாட்டார்கள். கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெண் கேட்கப் போனாலும் சரி, காணாமல் போன ஆட்டைத் தேடிப் போனாலும் சரி, வாசலில் நின்று ஊரையும் அப்பன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் மற்றது. நான் போன நாடுகளில் எல்லாம் அப்படித்தான் பேச்சை ஆரம்பித்திருக்கிறேன். சிரித்தவர்கள் உண்டு. அடித்தவர்கள் இல்லை.

ஆகவே, யார் என்று அவர்கள் கேட்ட இடத்தில் யார் என்று எழுதினேன். முதலில் தமிழில் எழுதினேன், லைப்ரரி ஏற்கவில்லை, எரர் வந்தது. பிறகு ஆங்கில எழுத்தில் எழுதினேன். பழனிவேல், வைரக்கண்ணு மகன், ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். மனைவியையும் மகளையும் அழைக்கத் தேதி கேட்கிறேன். தொந்தரவுக்குப் பொறுத்துக்கொள்ளவும். கடைசியில் செல் நம்பர்.

200 வந்தது.

அபிக்கு அனுப்பினேன். "ஐயோ அப்பா! செல் நம்பரையுமா போட்டீங்க?" என்று தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஆனால் கதவு திறந்துவிட்டதே.

என் அப்பா திருச்சியைத் தாண்டியதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாது. கடலைக் கொல்லையிலும் முந்திரிக் காட்டிலும் காலம் போயிற்று. இறந்து வெகுநாள் ஆகிறது. அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஐரோப்பாவில் ஒரு சர்க்கார் வாசலில், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு என் புரோகிராம் நின்றது. கூடை சுமந்து நடக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். கூடை கனம் குறையவில்லை. ஆனாலும் நினைத்துக்கொள்வேன்.

6

மார்கழியில் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. உங்கள் கணக்கு தொடர்பாக நேரில் வரவும். கீழே நாளும் நேரமும்.

ஜாபர் வீடே அதிரக் கத்தினான். "தேதி வந்துருச்சுண்ணே! பேரப் பாத்துட்டுக் கூப்புட்டாங்கண்ணே! எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க, எங்கத்தா பேரப் போட்டு!" அப்பாவை அவன் அத்தா என்பான்.

மலர் அன்றைக்கே பிறப்புச் சான்றிதழை எல்லாம் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துவிட்டாள். ஜாபர் தன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தான். தோள் பக்கம் பிடித்தது, இருந்தாலும் போட்டுக்கொண்டு போனேன்.

கவுன்டரில் ஒரு பெண்மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவர் பேசியது எனக்குப் பாதி புரிந்தது. நான் பேசியது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டு மொழியை நான் மேஸ்திரியிடம் மட்டுமே கேட்டுக் கற்றவன். மேஸ்திரி கட்டளை தவிர வேறு பேசுவதில்லை. எடு, வை, சீக்கிரம், இங்கே பார், பேசாதே. எனக்குத் தெரிந்த மொழி முழுக்க அதட்டல்தான். கெஞ்சுவதற்கு அதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது.

அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். திரை முழுக்க வரிகள். மேலிருந்து கீழ் வரை ஒரே வரி. வைரக்கண்ணு மகன், வைரக்கண்ணு மகன், வைரக்கண்ணு மகன். அவர் உருட்ட உருட்ட அது முடியவில்லை.

"இது நீங்களா?" என்றார்.

நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "நான். அப்பா பேர்." சந்தோஷமாகத்தான் சொன்னேன். அந்த நிமிடம் வரைக்கும் நல்ல செய்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு தாளை எடுத்துப் படித்துக்காட்டினார். மெதுவாக, எனக்காக நிறுத்தி நிறுத்தி. தானியங்கி முறையில் தேதி தேடுவது விதிக்கு விரோதம். கணக்கு ஆறு மாதத்துக்கு முடக்கப்படுகிறது. அதற்குள் தேதி கேட்கவோ மனுக் கொடுக்கவோ முடியாது.

"எல்லாரும் செய்கிறார்கள்" என்றேன். அந்த ஒரு வாக்கியம் மேஸ்திரியிடம் நான் அடிக்கடி சொல்வது, அதனால் சரியாக வந்தது.

"தெரியும்" என்றார் அவர். "ஆனால் அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னீர்கள்." கொஞ்சம் பொறுத்து, "ஏன் பெயரை எழுதினீர்கள்?" என்று கேட்டார். கேலியாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

ஊர் வழக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. பெயர் சொல்லாதவனுக்குப் பெஞ்சில் இடம் இல்லை என்று சொல்லவும் தெரியவில்லை. மலர் போனில் அனுப்பியிருந்த பிறப்புச் சான்றிதழின் படத்தைக் கண்ணாடியில் வைத்து, "மகள். பதினெட்டு. சீக்கிரம். பார். இங்கே பார்" என்றேன். என் குரல் மேஸ்திரியின் குரல் மாதிரியே இருந்தது. பக்கத்துக் கவுன்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்மணி படத்தைப் பார்த்தார். பிறகு தாளின் ஓரத்தில், எந்த நாளிலிருந்து நான் மறுபடி கேட்கலாம் என்று பேனாவால் எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். ஆனி மாதம். சித்திரைக்கு இரண்டு மாதம் தள்ளி.

வெளியே வந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். மதியம் வேலைக்குப் போனால் அரை நாள் கூலி உண்டு, போனேன்.

7

மலரிடம் சொன்னேன். "கவர உள்ள வச்சுரட்டுமா?" என்றாள்.

"வச்சுரு."

"அங்கிட்டு சாப்புட்டீங்களா?"

"சாப்புட்டேன்."

அபி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நான் அன்னிக்கே சொன்னேன்ல என்று கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிப்பா, விடுங்க" என்றாள். பெரியவர்கள் சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் இங்கே வர விரும்பினாளா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அந்த எட்டு மாதத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. டைம்அவுட், ஹெட்டர், யூசர் ஏஜென்ட் எல்லாம் பேசியாயிற்று, ஒனக்கு அப்பாவோடு வந்து இருக்க ஆசையா என்று நான் கேட்கவில்லை. 200 வந்தவுடன் மணி அடிக்கச் சொன்னவன் அல்லவா நான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

புரோகிராமை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்குக் காரணம் தோன்றவில்லை. ஆறு மாதம் அது போய்ப் போய் 403 வாங்கிக்கொண்டு வந்தது. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். அப்பா பெயரையும் ஊரையும் அழித்துவிட்டு ஒரு பிரவுசரின் பெயரைப் போட்டேன். அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

சித்திரையில் அபிக்குப் பதினெட்டு முடிந்தது. வீடியோவில் கேக் வெட்டினாள். பரீட்சையில் நல்ல மார்க். திருச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, ஹாஸ்டல். முதல் வாரம் ஒரு தடவை கூப்பிட்டாள். இப்போது நான் கூப்பிட்டால், "கிளாஸ்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்று எழுத்தில் வருகிறது. பொய் இல்லை. கிளாஸில்தான் இருப்பாள்.

ஜாபரின் மனைவி போன மாதம் வந்து சேர்ந்துவிட்டாள். ஜாபர் ஒரு தரகரைப் பிடித்திருந்தான். இருவரும் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். போகும்போது, "அண்ணே, எங்கத்தா பேரப் போடாம இருந்ததே நல்லதாப் போச்சு" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

8

இன்று காலை விசில் ஊதியதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன். காலண்டரில் ஒரு கட்டம் பச்சையாக இருந்தது. தொட்டேன். என் கைக்கு வந்துவிட்டது. விவரங்களை நிரப்பப் பத்து நிமிடம் அவகாசம் என்று ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

பிள்ளை என்ற இடத்தில் அபியின் பிறந்த நாளைப் போட்டேன். சிவப்பு எழுத்தில், தகுதி இல்லை என்று வந்தது. தெரியும். இருந்தாலும் போட்டுப் பார்த்தேன்.

மலரைக் கூப்பிட்டேன்.

"தேதி கெடச்சிருக்கு. ஒனக்கு மட்டும்னா குடுக்கலாம்."

"நா மட்டும் வந்து?"

"இருக்கலாம்."

"புள்ள லீவுக்கு வந்தா யாரு வீட்டுக்குப் போவா? பூட்டுன வீட்டுக்கா?"

திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க வாங்க. இங்கிட்டு வந்துருங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே, "வந்தா ரெண்டு மாசம் இருப்பீங்க. அப்புறம் இதான் கடைசின்னு கெளம்புவீங்க" என்று முடித்தாள். கோபமாக இல்லை. சமைத்துக்கொண்டிருந்தாள், கரண்டிச் சத்தம் கேட்டது.

கடிகாரம் ஓடி முடிந்தது. பச்சை சாம்பலானது. யாருடைய புரோகிராமோ உடனே பிடித்திருக்கும். நல்லது. அவர் பிள்ளைக்காவது வயது தாண்டாமல் இருக்கட்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். புரோகிராமில் பத்தாவது வரியின் முடிவில் இருந்த ஒரு அடைப்புக்குறியை அழித்தேன். ஓடவிட்டேன். சிவப்பில் எரர் வந்தது. படம் எடுத்து அபிக்கு அனுப்பினேன். "அபி, என்ன எரர்னு தெரியலம்மா. கொஞ்சம் பாரேன்."

பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி இரண்டு வந்தது. அவள் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நான் சோற்றில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, லேப்ல இருக்கேன். இதெல்லாம் இப்ப ஏஐல போட்டாலே சொல்லிரும்ப்பா. அப்பிடியே காப்பி பண்ணிப் போடுங்க. ஒடனே பதில் வரும்."

போட்டேன். ஒடனே பதில் வந்தது. பத்தாவது வரியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது, சேர்த்தால் சரியாக ஓடும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

சேர்த்தேன். இப்போது சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது.